எட்டு கார் வேண்டாம், நாலு போதும்

தர்மபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் எட்டு நண்பர்கள். எல்லோரிடமும் இருப்பது பழைய கார்தான். நாலு பேருக்கு ஸ்டீரியோ செட் மட்டும் மாற்ற வேண்டும், இரண்டு பேருக்கு செட்டோடு முன்கதவு ஸ்பீக்கரும், இன்னும் இரண்டு பேருக்கு ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) ஊஃபரும் (பேஸ் ஸ்பீக்கர்). ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கார்களை நிறுத்தி நாங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று யோசனை. எங்களில் ஒருவருக்குத்தான் வயரிங் தெரியும். எப்படி ஏற்பாடு செய்வது?"

தாராளமாகச் செய்யலாம். ஆனால் எட்டு கார் வேண்டாம். நாலோடு நிறுத்துங்கள்.

ஓசூரில் ஒரு கார் அக்சசரீஸ் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது காவேரிப்பட்டணத்தில் சொந்தமாக எலெக்ட்ரிகல் வேலை செய்கிறேன். நண்பர்களோடு இதுபோல நாலு முறை ஸ்டீரியோ மாட்டியிருக்கிறோம். முதல் முறை நடந்தது சித்திரை மாதத்தில், ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில். ஏழு கார் வந்தது. இருட்டும்போது முடிந்திருந்தது மூன்று. பாலக்கோட்டுக்காரர் ஒருவர் இரண்டு கதவுகளின் பேடையும் (உள்பக்க மூடி) கழற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்ற சுவிட்ச் கூட இல்லாமல் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி என்னோடு பேச ஆறு மாதம் ஆனது.

வேலை தெரியாததால் அப்படி ஆகவில்லை. ஏழு காருக்கும் ஒரே மல்டிமீட்டர், வயர் முனையை நசுக்கி இணைக்க ஒரே கிரிம்பிங் பிளேயர். ஏழு திசையிலிருந்தும் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று குரல் வரும்; போய் நிற்கும் ஆள் நான் ஒருவன். மற்றவர்கள் டேஷ்போர்டைத் திறந்து வைத்துவிட்டு மரத்தடியில் காத்துக்கிடந்தார்கள். அதில் ஒருவருக்குத் தவறான கப்ளர் (கார் வயரையும் செட்டையும் இணைக்கும் பிளக்) வந்திருந்தது. வேறு வாங்க பைக்கில் கிருஷ்ணகிரி போனார். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். முதல் தடவை கை வைப்பவருக்கு, கப்ளர் சரியாக இருந்தாலும், ஒரு செட் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்கதவு இரண்டுக்கும் ஸ்பீக்கர் என்றால் இன்னொரு ஒன்றரை. ஆம்பும் ஊஃபரும் குறைந்தது நாலு மணி நேரம், ஏனென்றால் பேட்டரியிலிருந்து டிக்கி வரை கேபிள் இழுக்க வேண்டும். எட்டு காருக்கும் கூட்டினால் 20 மணி நேரம். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை, சாப்பாட்டு நேரம் போக, கையில் இருப்பது ஏழு மணி நேரம். தெரிந்தவர் ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு காரைத்தான் ஒழுங்காகக் கவனிக்க முடியும். ஆக, காலையில் இரண்டு, மதியத்துக்கு மேல் இரண்டு. ஆம்ப் போடும் கார் ஒன்றே ஒன்று. அதைக் காலையில் முதலாவதாக ஆரம்பித்துவிட வேண்டும். மீதி உள்ளவர்களுக்கு அடுத்த மாதம் (வயரிங் தெரிந்தவர் காரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்). அவர்களும் அன்றைக்கு வந்து கை கொடுக்கட்டும், பார்த்துப் பழகினால் தங்கள் முறை வரும்போது பாதி நேரத்தில் முடிப்பார்கள்.

நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகூர்த்த ஞாயிறு வேண்டவே வேண்டாம். கார் வைத்திருப்பவனை யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்குப் பிடித்த மாதம் ஆடி. கல்யாணம் இல்லை, மண்டபங்கள் காலி, தெரிந்தவர் மண்டபமாக இருந்தால் கார் நிறுத்தும் ஷெட்டை ஒரு நாளைக்குச் சும்மாவே கூடக் கொடுப்பார்கள். மேலே கூரை, பக்கத்தில் கரண்ட், கழிப்பறை, கை கழுவத் தண்ணீர் எல்லாம் இருக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிறை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாதிப் பேர் ஒகேனக்கலில் இருப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் மாங்காய் சீசன் முடிந்த பிறகு மண்டி ஷெட்டும் நல்ல இடம். எங்கள் மூன்றாவது முறை அங்கேதான். மார்கழியும் பரவாயில்லை. ஆனால் காலைக் குளிரில் பிளாஸ்டிக் கிளிப்பு விறைத்துப்போய்ப் படபடவென்று உடையும். வெயில் ஏறிய பிறகு பேடில் கை வையுங்கள். மரத்தடி மட்டும் வேண்டாம். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், கழற்றி வைத்த பேடின் மேல் காக்கை உட்காரும்.

இனி, அந்த நாளின் பாதி வேலை அதற்கு முந்தைய வாரமே நடக்க வேண்டும். ஒரு மாலை நாலு காரையும் வரச்சொல்லி, பழைய செட்டை வெளியே இழுத்துப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி கப்ளர் அப்படியே இருந்தால் அதற்கு ஏற்ற கப்ளர் வாங்கிவிடலாம், கார் வயரை வெட்டவே வேண்டாம். பழைய காரில் முன்பு யாரோ வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அந்தக் காருக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். செட்டின் அளவும் பார்க்க வேண்டும். சிங்கிள் டின் என்பது 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். டபுள் டின் அதே அகலம், 100 உயரம். பழைய ஸ்விஃப்ட் போன்ற கார்களில் கம்பெனி செட் டேஷ்போர்டின் வடிவத்தோடு ஒட்டி வரும். அதை எடுத்தால் அந்த மாடலுக்கென்றே ஒரு ஃப்ரேம் வாங்கியாக வேண்டும். ஸ்பீக்கருக்கு அங்குலம் மட்டும் பார்த்தால் போதாது, ஆழமும் பார்க்க வேண்டும். ஆறரை அங்குல ஸ்பீக்கர் துளையில் அழகாக உட்காரும், கண்ணாடியை இறக்கினால் காந்தத்தில் போய் இடிக்கும்.

பொருள்களை நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பயணமாக வாங்குங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடும் ஜே.சி. ரோடும் கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். வாங்கி வந்ததை டப்பாவோடு வைத்திருக்காமல், சனிக்கிழமை மாலை தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். செட்டின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் சேர்த்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து பாசிட்டிவில், கறுப்பு நெகட்டிவில். ஒரு ஸ்பீக்கரை மாட்டி நாலு சேனலையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பழுதான செட் என்று சனிக்கிழமை தெரிந்தால் எரிச்சலோடு போய்விடும். ஞாயிறு மதியம் டேஷ்போர்டுக்குள் மாட்டிய பிறகு தெரிந்தால் அன்றைய பொழுது போச்சு.

பேட்டரியில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்க்கச் சொன்னேனே, அது சோதனைக்கு மட்டும். காரில் இரண்டும் வேறு வேறு. மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய வயர்; செட்டின் நினைவு அதில்தான் நிற்கிறது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டியது. இரண்டையும் சேர்த்து நிரந்தர வயரில் முறுக்கிவிட்டால் செட் நன்றாகப் பாடும், யாருக்கும் சந்தேகம் வராது. எங்கள் இரண்டாவது முறையில் ஒரு வாத்தியார் காருக்கு இப்படித்தான் ஆனது. திங்கள், செவ்வாய் கார் எடுக்கவில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஸ்டார்ட்டர் "டிக்" என்றதோடு சரி. இரண்டும் இடம் மாறிப்போனால் வேறு தொல்லை: ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் நேரமும் ரேடியோ நிலையங்களும் அழிந்துவிடும்.

செட்டில் வரும் வயர்களுக்கு வழக்கமான நிறங்கள் உண்டு. முன் இடது ஸ்பீக்கருக்கு வெள்ளை, முன் வலதுக்குச் சாம்பல், பின் இடதுக்குப் பச்சை, பின் வலதுக்கு ஊதா; கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்ப. ஆனால் இந்த நிறங்கள் செட் பக்கம்தான் செல்லுபடியாகும். காரிலிருந்து வரும் வயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அங்கே நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது நிரந்தர வயர். சாவியை ஒரு கட்டம் திருப்பியதும் வருவது மற்றது. பார்த்த உடனே ஒரு துண்டு பேப்பர் டேப்பில் எழுதி அந்த வயரிலேயே ஒட்டுங்கள். பிறகு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தால் இருக்காது.

எல்லாவற்றையும் பார்த்து எழுதிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அதன் பிறகே வயர் சேர்க்கும் வேலை. 10 நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றுவதற்கு முன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். திரும்ப மாட்டும்போது சில கார்களில் சென்ட்ரல் லாக் தானாக விழுந்துவிடும். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் குழாய் போட்ட வயர், மஞ்சள் கப்ளர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக்குடையது, கையை எடுத்துவிடுங்கள். பல்பு வைத்த டெஸ்டரால் குத்திப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அந்த டெஸ்டரைக் கூட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

மிகப் பழைய மாருதி 800, ஆம்னி போன்றவை உங்கள் கூட்டத்தில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கேசட் காலத்தில் ஸ்பீக்கரின் ஒரு வயரை செட்டிலும் இன்னொன்றைப் பாடி எர்த்திலும் கொடுத்து ஓட்டினார்கள். இன்றைய செட்டில் நாலு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் போக வேண்டும். எதிலாவது ஒன்று பாடியைத் தொட்டாலும் உள்ளே இருக்கும் ஐசி (சிப்) போய்விடலாம். மீட்டரை கண்டினியூட்டியில் (இரு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் நிலையில்) வைத்து, செட்டை மாட்டும் முன் ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் பாடியோடு தொட்டுப் பாருங்கள். "பீப்" என்று சத்தம் வந்தால் அந்தக் கதவுக்குப் புது வயர் இழுக்க வேண்டும். இழுக்கும்போது கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் வழியாகவே இழுங்கள். கஷ்டம்தான், ஒரு கேபிள் டேகை முன்னால் விட்டு இழுத்தால் வரும். வெளியே விட்டால் ஆறு மாதத்தில் கதவு அதை நறுக்கிவிடும்.

ஸ்பீக்கரில் பாசிட்டிவ் எது என்று தெரியவில்லை என்றால் சுவர்க் கடிகாரத்தில் போடும் ஒன்றரை வோல்ட் செல் போதும். ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் செல்லின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். ஒரு பக்க ஸ்பீக்கர் மாறியிருந்தால் சத்தம் வரும், பேஸ் மட்டும் எங்கோ காணாமல் போகும். இதைத் தேடி ஒரு மதியம் முழுவதும் செட்டைத் திட்டிக்கொண்டிருந்த ஆளை எனக்குத் தெரியும். அவர் வயது அப்போது இருபத்திரண்டு, ஓசூர்க் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தார்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் அந்தப் பசை உருகி வழிந்து, டேப் வாழைச்சருகு மாதிரி கழன்றுவிடும். கிரிம்ப் செய்யுங்கள், அல்லது சால்டர் வைத்து மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஸ்லீவை வயரில் மாட்டிவிட்டுப் பிறகு சால்டர் வையுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

ஆம்ப் போடும் காருக்கு வருகிறேன். நெருப்புக்கு வாய்ப்பு அதிகம் உள்ள வேலை இதுதான். பேட்டரியிலிருந்து வரும் கேபிளில் ஃபியூஸ், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்புக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் கேபிளைக் காப்பாற்றாது. கேபிள் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், முன்னால் ஃபியூஸ் இல்லாத பட்சத்தில் பேட்டரியின் மொத்தச் சக்தியும் அங்கே கொட்டும். அதனால் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வாஷர் இல்லாமல் கேபிளை நுழைக்கவே கூடாது.

கேபிளின் தடிமனில் நம் ஆட்கள் ஏமாறும் இடம் ஒன்று. உண்மையிலேயே 500 வாட் தரும் ஆம்ப், முழுச் சத்தத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 4 கேஜ் கேபிள் போடுங்கள் என்றேன். ஒருவர் போர் மோட்டாருக்குப் போட்டு மிச்சமான வயரைச் சுருளோடு கொண்டுவந்தார், "இதுவும் நாலுதான் அண்ணா" என்றார். மோட்டார் வயரின் 4 என்பது 4 சதுர மில்லிமீட்டர். 4 கேஜ் என்பது சுமார் 21 சதுர மில்லிமீட்டர். அப்புறம், கிட் என்று விலை குறைவாக விற்பதில் நிறைய அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு இல்லை. அதே நீளத்துக்கு அதே கேஜில் அது குறைவாகத்தான் தாங்கும்.

ஆம்பின் எர்த் வயரை டிக்கியிலேயே, பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகடு பளபளக்கும் இடத்தில் கொடுங்கள், அரை மீட்டருக்குள். பவர் கேபிள் காரின் இடப்பக்கம் போனால், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் வலப்பக்கம் வரட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் "ஙொய்ய்" என்று கூடவே ஏறும் சத்தம் வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தை, அடுத்து அந்த ஆர்சிஏவை.

அன்றைய ஏற்பாட்டில் முக்கியமானது ஆளுக்கு ஆள் வேலை தெளிவாக இருப்பது. கார்க்காரர் தன் காரில் தானே கை வைக்க வேண்டும், மற்றவர் பிடித்துக்கொடுக்கலாம். அப்போதுதான் கிளிப்பு உடைந்தால் சண்டை வராது. உடையும், நிச்சயம் உடையும். அந்தந்த மாடலுக்கு முப்பது கிளிப்பு முன்பே வாங்கி வையுங்கள். கிளிப்பு, ஸ்லீவ், டேக், துணி டேப், ஃபியூஸ் இதெல்லாம் பொதுச் செலவு, நாலாகப் பிரியுங்கள். செட் கருகினால் கார்க்காரர் செலவு. இதைச் சனிக்கிழமையே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. மீட்டர் குறைந்தது இரண்டு இருக்கட்டும். காருக்கு ஒரு காலி ஸ்வீட் டப்பா, திருகாணிகளுக்கு. எதைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் திரும்ப வர வேண்டும். 10 போனால் 20 போடுவது, போன ஃபியூஸில் வயர் இழை சுற்றுவது இரண்டையும் அந்த இடத்தில் யாரும் செய்யக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு லேசாக இருக்கட்டும். இரண்டாவது முறை பிரியாணி சொல்லிவிட்டோம். இரண்டரை மணிக்கு ஷெட்டில் விழித்திருந்தது நானும் ஒரு நாயும். தண்ணி சமாச்சாரத்தை எல்லாக் காரும் பூட்டிய பிறகு, வண்டி ஓட்டாதவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாலு மணிக்கு மேல் புதிதாக எந்தப் பேடையும் திறக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். பாலக்கோட்டுக்காரர் போட்ட சட்டம் அது.

பேடை மூடும் முன் சோதனை. எல்லாக் கண்ணாடியும் ஏறி இறங்குகிறதா, ஹார்ன், இண்டிகேட்டர், லாக், ஏர்பேக் விளக்கு அணைகிறதா. ஹெட்லைட் போட்டு, ஏசி போட்டு, பாட்டும் போட்டுப் பாருங்கள். ரேடியோவுக்கு தர்மபுரி வானொலி 102.5 வருகிறதே என்று திருப்திப்படாதீர்கள். ஊருக்குள் அது கம்பி இல்லாமலே வரும். தூரத்து நிலையம் ஒன்றைப் பிடியுங்கள். இரைச்சல் மட்டும் வந்தால் ஆன்டெனாவின் நீல வயரைப் பாருங்கள். கடைசியாக, வேகத்தடை நிறைய உள்ள ஒரு கிராமத்துச் சாலையில் ஒரு சுற்று. கதவு கடகடத்தால் அங்கே தெரியும். நெடுஞ்சாலையில் தெரியாது, தொப்பூர் கணவாயில் காதைக் கதவில் வைத்துக்கொண்டு ஓட்டவும் கூடாது.

எந்தக் காரைச் சேர்க்கக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் கார், ஏசி கட்டுப்பாடும் திரையும் ஒன்றாக வரும் கார், மின்சாரக் கார், இந்த மூன்றும் கடைக்கே போகட்டும். வெறும் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் இந்த யோசனை என்றால் மற்ற காரும் கடைக்கே போகலாம். கூட்டாக வாங்கும் கருவி, கிளிப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மிச்சம் பெரிதாக நிற்காது. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இதில் ஆரம்பித்து இப்போது தன் காரில் ரிவர்ஸ் கேமரா, முன் விளக்கு ரிலே எல்லாம் தானே போட்டுக்கொள்கிறான். அந்த ஆசை இருப்பவர்களுக்கு இது நல்ல நாள்.

உங்களில் வயரிங் தெரிந்த அந்த ஒருவர் தன் காரை அன்று திறக்கவே கூடாது. மற்ற நாலும் பிரிந்து கிடக்கும்போது டீ வாங்க, மறந்த பொருளுக்குப் போக, பாட்டுக் கேட்டுக் கேட்டு பேட்டரி இறங்கிய காருக்கு ஜம்பர் கொடுக்க, முழுசாக ஒரு கார் வேண்டும். அது அவருடையதாக இருக்கட்டும். தன் காரும் திறந்து கிடந்தால் அவர் கவனம் அங்கேதான் இருக்கும். அவர் காருக்கு அடுத்த ஞாயிறு. அதை மற்ற நாலு பேரும் சேர்ந்து மாட்டட்டும், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து "மீட்டர் வெச்சுப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.